கிழிந்துபோன கடைசிப் பக்கம்

அன்புத் தம்பிக்கு,

நீ படம் வரைவதை விட்டுவிட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

உன் மருமகள், என் மகள், இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து யாரிடமும் பேசவில்லை, சாப்பாட்டையும் தொடவில்லை. நேற்று வார்டு அலமாரியில் நீ வரைந்த கரடிக்குட்டிப் புத்தகம் கிடைத்தது. மற்றவர்கள் வரையும் கரடிகள் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும். உன் குட்டி மழையில் காதை மடக்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே பயப்படுகிறது. அந்தப் படத்தின் மேல் விரலை வைத்து, "இதுக்கும் என்னை மாதிரி பயமா இருக்காம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அரை டம்ளர் பால் குடித்தாள்.

அந்தப் படத்துக்கு அடுத்த கடைசித் தாள் கிழிந்துபோய்க் காணவில்லை. "குட்டி வீட்டுக்குப் போயிடுச்சா?" என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். "சொல்லாத, காட்டு" என்றாள். நானே வரைந்து காட்டினேன். "இது பன்னிம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைகளிலும் தேடிவிட்டேன், புத்தகம் இல்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் ஆபரேஷன். டாக்டர் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

அந்தக் குட்டியை நீ யாருக்காக வரைந்தாய் என்று எனக்குத் தெரியும். உன் மகன் போன பிறகு நீ பிரஷ்ஷைத் தொடவில்லை என்பதும் தெரியும். அவன் பெயரை எழுத எனக்கே கை வரவில்லை. உன்னிடம் எப்படிக் கேட்பேன்? ஆனாலும் கேட்கிறேன். கை நடுங்கினால் நடுங்கட்டும், கோடு கோணலாக வரட்டும். குட்டி வீட்டுக்குள் நுழைகிற ஒரே ஒரு படம் போதும். கதவைத் திறப்பது அதன் அம்மாவாக இருக்கட்டும்.

உன் அக்கா