தம்பிக்கு மூன்று, எனக்கு ஒன்று

மார்ச் 4

காலை ஷிப்ட். தம்பிக்கு என் கிட்னியைக் கொடுக்கப்போவதாக டிப்போவில் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு டாக்டராகிவிட்டார்கள். என் வண்டி கண்டக்டர்தான் அதில் பெரிய டாக்டர். "ஒத்த கிட்னிய வெச்சுக்கிட்டு எப்படிம்மா பஸ் ஓட்டுவ? கிளட்ச் மிதிக்கவே தெம்பு இருக்காதே!"

"கிளட்ச்ச காலாலதான்ணே மிதிக்கிறேன்" என்றேன்.

மார்ச் 7

வீட்டிலும் அதே பாட்டு. "ரெண்டுல ஒன்னு போனா பாதி ஆளுதானடி?" என்கிறாள் அம்மா. தம்பியைப் பார்க்கும் கிட்னி டாக்டரம்மா சொன்னதை ஒப்பித்தேன். மிச்சமிருப்பது கூடுதல் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும். ஆயுசுக்கும் மாத்திரை அவனுக்குத்தான். எனக்கு வருஷா வருஷம் பரிசோதனை. ஆபத்தே கிடையாது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவனுடைய பழைய கிட்னிகளை எடுக்கமாட்டார்களாம், என்னுடையதை அடிவயிற்றில் வைப்பார்களாம். ஆக அவனுக்கு மூன்று, எனக்கு ஒன்று. பங்கு பிரிப்பதில் சின்ன வயசிலிருந்தே கெட்டிக்காரன்!

அம்மாவே சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னான், வழக்கம்போல.

மார்ச் 15

டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். "யாராவது வற்புறுத்தறாங்களா? வேண்டாம்னா எப்ப வேணா சொல்லலாம். காரணத்த வெளிய சொல்லமாட்டோம்."

என்னையா? வற்புறுத்தவா? அதுக்கு எங்க வீட்ல ஆள் பொறக்கல.

மார்ச் 19

என் ரிசல்ட் சரியில்லை. ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது கிட்னி வடிகட்டி வெளியேற்றவேண்டிய கழிவு, கொஞ்சம் கூடுதலாம்.

தம்பி பிடித்துக்கொண்டான். "பாத்தியா? உனக்கே பத்தல. நாளைக்கு நீயும் டயாலிசிஸ்ல என் பக்கத்து பெட்ல வந்து படுக்கணுமா? ஆள விடுக்கா."

இதுதானா விஷயம்? கொடுத்தவளும் நோயாளியாகிவிடுவாள் என்றா இத்தனை நாளும் வேண்டாம் வேண்டாம் என்றான்? மடையன்! கோபம் கோபமா வருது. பயமாவும் இருக்கு — நெஜமாவே எனக்கும் ஏதாவது இருந்தா?

மார்ச் 20

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "டெஸ்டுக்கு முன்னாடி தண்ணி குடிச்சீங்களா?"

சொட்டுகூட இல்லை. உடம்பில் தண்ணீர் குறைந்தாலே கிரியேட்டினின் ஏறுமாம். எங்கள் ரூட்டில் கழிப்பறை கடைசி நிறுத்தத்தில்தான், அதற்கும் பாதி நாள் பூட்டு. வண்டி எடுத்தால் பெண் டிரைவர்கள் யாரும் தண்ணீரைத் தொடமாட்டோம். அன்று ஷிப்ட் முடித்த கையோடு போய் ரத்தம் கொடுத்திருக்கிறேன்.

தம்பிக்கு மூன்று வருஷமாகச் சிறுநீரே வருவதில்லை. அதனால் தண்ணீரை அளந்து குடிக்கிறான். குடிக்க முடிந்த நான் குடிக்காமல் திரிகிறேன். நல்ல குடும்பம்! லீவு போட்டு, ஒழுங்காகக் குடித்துவிட்டு மறுபடி வரச் சொன்னார்.

ஏப்ரல் 2

நார்மல்! நார்மல்!

ஏப்ரல் 3

அவனை டாக்டரம்மா முன்னால் இழுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் அவனே கேட்டான். வெளியே வந்தும் விடவில்லை. "ஒருவேள உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"உனக்காக வேண்டாம்னா சொல்லு, கேட்டுக்கறேன். எனக்காக வேண்டாம்னு சொல்லாத. எனக்குப் பேச வாய் இருக்கு."

"அது ஊருக்கே தெரியும்" என்றான். பிறகு சரி என்றான். அழுதான். நானும்தான்.

மே 12

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். நடந்தேன். சிரித்தால் தையல் இழுக்கிறது. என்னுடையது அவனிடம் வேலையில் சேர்ந்துவிட்டதாம்.

ஆகஸ்ட் 26

மறுபடி வண்டி ஓட்டத் தொடங்கி இரண்டாவது வாரம். கிளட்ச் என் பேச்சைத்தான் கேட்கிறது.

வேலைக்குத் திரும்பிவிட்ட தம்பி இன்று என் பஸ்ஸில் ஏறினான். பாதி வழியில் எழுந்து என்னிடம் வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. போச்சுடா என்று வேகத்தைக் குறைத்தேன்.

"என்னடா?"

"வண்டிய நிறுத்துக்கா. அவசரம். ஒன்னுக்கு."

நிறுத்தமில்லாத இடத்தில் நான் நிறுத்தியதே கிடையாது. பெட்ரோல் பங்க் வாசலில் நிறுத்தினேன். இறங்கி ஓடினான். பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். கண்டக்டர் முன்னால் வந்தார். "யாரும்மா அந்த மகராசன்?"

"என் தம்பிண்ணே. மூணு வருஷம் சொட்டு வராம கெடந்தவன். நிதானமா போயிட்டு வரட்டும்."

அவர் பின்பக்கம் திரும்பி, "யாரும் கத்தக்கூடாது! அவரு வர்ற வரைக்கும் வண்டி நிக்கும்!" என்று கத்தினார்.