உப்புக்கொத்திகள் இல்லாத மணல்திட்டு

பெல் குடா, தாஸ்மேனியா
ஜூலை கடைசி

அன்பு மகள் பிரான்வினுக்கு,

நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், எடின்பரோவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே தெற்குக் காற்று எலும்பைக் குடைகிறது. உன் தம்பி கேலம் சுற்றுலாக்காரர்களைப் பறவை பார்க்கக் கூட்டிப் போகிற தொழிலை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டிருப்பாய். அவனாக விடவில்லை, விடவைத்தது நான். மற்றவர்கள் வாயால் கேட்பதைவிட என்னிடமே கேட்டுக்கொள்.

குளிர்காலத்துக்கு நியூசிலாந்திலிருந்து கடல் தாண்டி வரும் உப்புக்கொத்திகள், அலை ஏறும் நேரத்தில் நம் மணல்திட்டில்தான் ஒண்டும். ஜூனில் ஒருநாள் போய்ப் பார்த்தால், இவன் அந்தக் கூட்டத்துக்குள் நாயை அவிழ்த்து விடுகிறான். பறவைகள் அத்தனையும் புகை மாதிரி எழும்ப, வந்தவர்கள் கைதட்டிப் படம் எடுக்கிறார்கள். அவை களைத்து இறங்கியதும் திரும்பவும் நாய். தனியாகக் கூப்பிட்டு, வயிற்றில் இருக்கிற கொழுப்பை வைத்துத்தான்டா அதுங்க திரும்பிப் போகணும், இப்படி விரட்டினா எதை வச்சுப் போகும் என்று கேட்டேன். பறக்கத்தானேம்மா றெக்கை இருக்கு, குந்தியிருக்கற குருவியைப் பாக்கவா இவங்க இவ்வளவு தூரம் வர்றாங்க என்று சிரித்தான். இரண்டாம் முறையும் சொன்னேன். மூன்றாம் முறை ஈரமணலில் விழுந்து கிடந்த ஒன்றை எடுத்துப்போய் அவன் கையிலேயே வைத்தேன். நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. குளிர்ல நாலு சாகத்தான் செய்யும் என்று அதைப் புல்லில் வீசிவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து வனவிலங்கு அலுவலகத்துக்கு போன் செய்தேன், பெயரைக் கேட்டார்கள், மகன் பெயரைச் சொன்னேன். அவர்கள் வந்து கண்ணால் பார்த்துவிட்டு அவன் சுற்றுலா அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள்.

அன்று வாசலில் நின்று, பெத்த பிள்ளையவிட குருவி ஒசத்தியாப் போச்சா உனக்கு என்று கேட்டான். உள்ளே வாடா என்றேன், வரவில்லை. மறுவாரமே குவீன்ஸ்லாந்துச் சுரங்க வேலைக்குக் கிளம்பிவிட்டான், அப்பாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார் உன் அப்பா, அதற்குப் பிறகு உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. ரொட்டிக்கடையில் ஷீலா என் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தைத் தள்ளுகிறாள், கடையோடு அவள் நடத்துகிற விடுதிக்கு வந்தவர்கள் எல்லாம் அவன் அழைத்து வந்தவர்கள். போகட்டும். பறவைகளாவது மிஞ்சின என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. தினமும் போய்ப் பார்க்கிறேன், திட்டு காலியாகக் கிடக்கிறது. எந்தக் கரைக்குப் போயினவோ, போகிற தெம்பு இருந்ததோ என்னவோ. ஆனாலும் நாளைக்கே அவன் நாயோடு வந்தால் நாளைக்கே போன் செய்வேன், அதை எனக்காக நீ அவனிடம் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

நீ நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு மகளே. கேலம் உன்னைக் கூப்பிடுவான், என் பக்கம் பேசாதே. அவனுக்குக் குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டும், மருந்து எடுத்துப் போனானா என்று கேள். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லிவிடாதே, சொன்னால் மருந்தைத் தொடமாட்டான்.

உன் அம்மா,
மேவிஸ்