வாடகை கொடுக்காதவள் இருந்த வீடு

என்னை "வாய் திறக்காத புள்ள" என்று ஜட்கா ஸ்டாண்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அப்பாவுக்கு,

வாய் திறந்துவிட்டேன். அதுவும் நாலு ஆண்களுக்கு நடுவில். வேறு யாராவது உங்களிடம் கோள் மூட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அக்ரஹாரத்துப் பின்தெருவில் நீங்கள் பார்த்து வைத்த வீட்டை மறந்திருக்க மாட்டீர்கள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அதன் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். கிழக்குப் பார்த்த வாசல், வற்றாத கிணறு, குதிரை கட்ட இடம். சுவரைத் தட்டிப் பார்த்தீர்கள், ஏணி வைத்து ஓட்டைப் பார்த்தீர்கள். "இதுதான் நம்ம வூடு" என்றீர்கள். அப்புறம் போய்விட்டீர்கள்.

மூன்றாம் மாதம் ஜட்காவையும் குதிரையையும் விற்றோம். அந்தப் பணத்தையும் நீங்கள் சேர்த்ததையும் அம்மா ஒரு பழைய புடவைத் துணியில் முடிந்து வைத்தாள். அம்மாவுக்கும் எனக்கும் இந்த உலகத்தில் இருந்தது அந்த முடிச்சு ஒன்றுதான்.

ராமாபுரத்திலிருந்து சித்தப்பா வந்தார். "அண்ணன் ஆசப்பட்ட வூடுங்க அண்ணி. வெள்ளிக்கெழம அச்சாரம் குடுத்துரலாம்" என்றார். அந்த வீட்டில் குடும்பம் ஒன்று இருந்ததே? வாடகைக்காரர்கள்தான், ஒரு வார்த்தை சொன்னால் காலி செய்துவிடுவார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நீங்களும் அதைத்தான் நம்பினீர்கள்.

வியாழக்கிழமை அம்மா என் கையில் ஒரு செம்பைக் கொடுத்து, அந்தக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகுமா என்று பார்க்காமல் நம் பெண்கள் எந்த வீட்டுக்கும் குடிபோவதில்லையே. அப்படித்தான் நீங்கள் யாரும் போகாத சமையற்கட்டுக்கு நான் போனேன்.

அங்கே கெம்பம்மா என்கிற அம்மாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கல் தரையில் சுண்ணாம்புக் காரை வைத்துப் பதித்திருந்தது. வாடகை வீட்டில் யாராவது ஆட்டுக்கல்லைப் பதிப்பார்களா? தலையைக் குனிந்தபடியே, அவள் பேசும் கன்னடத்தில் மெதுவாகக் கேட்டேன், வாடகை எவ்வளவு என்று.

அவள் சிரித்தாள். "பாடிகேனா? நாவு போக்யக்கெ இத்தீவி, மகளே."

வாடகை இல்லையாம், போக்கியம்! வீட்டுக்காரருக்கு முந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறாள். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. அந்தப் பணம் திரும்பி வரும்வரை அவளை யாரும் எழுப்ப முடியாது, வீட்டை வாங்கியவர்கூட. பெட்டியைத் திறந்து பத்திரத்தைக் காட்டினாள். நாலாம் வகுப்போடு நீங்கள் நிறுத்திய என் படிப்பு அதை வாசிக்கப் போதுமானதாக இருந்தது.

நீங்கள் வீட்டுக்காரரைக் கேட்டீர்கள், தரகரைக் கேட்டீர்கள். உள்ளே சமைத்துக்கொண்டிருந்தவளை ஏன் கேட்கவில்லை அப்பா?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "ஆம்பளைங்க பாத்துக்குவாங்க" என்றாள், பயந்துபோய்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர், தரகர், பத்திரம் எழுதுபவர், சித்தப்பா நால்வரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்தேன்.

"அதக் கொண்டா புள்ள" என்றார் சித்தப்பா.

"தரமாட்டேனுங்க சித்தப்பா."

தரகர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அட, இந்த வூட்டுல ஊமைகூட பேசுதே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் தரகரைப் பார்க்காமல் சித்தப்பாவிடமே சொன்னேன். "அங்க இருக்கறவங்க வாடகைக்கு இல்லீங்க. போக்கியத்துக்கு இருக்காங்க. பத்திரம் பதிஞ்சிருக்குது, நான் படிச்சேன்."

வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றது. "அது சின்ன விஷயம் கண்ணு. கிரயம் ஆனதும் நான் தீத்துக்கறேன்."

"தீத்துட்டு வாங்க. அப்பறம் தர்றேன்."

"செத்தவனோட ஆசைக்குக் குறுக்க நிக்கறயா?" என்று சித்தப்பா எழுந்தார். அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஆமாம் அப்பா, நின்றேன். முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் இருந்திருந்தால் என்னை அறைந்திருப்பீர்களா?

நான் சொன்னது பொய் என்று காட்டவே சித்தப்பா மறுநாள் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய், கட்டணம் கட்டி வில்லங்கம் பார்த்தார். திரும்பி வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "இருக்குது புள்ள" என்றார். தண்ணீர் கேட்டார்.

வீடு நமக்கே வந்தது, ஆனால் நான் சொன்ன விதத்தில். கிரயப் பணத்திலிருந்து முந்நூறை அதிகாரி முன்னால் முதலில் கெம்பம்மாவின் கையில் கொடுத்தோம். அவள் தன் போக்கியப் பத்திரத்தில் பணம் வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் மீதி வீட்டுக்காரருக்குப் போனது. பழைய தாய்ப்பத்திரங்களையும் வாங்கிக்கொண்டோம். "ஆம்பள பேர்ல இருக்கட்டுமே" என்று சித்தப்பா இழுத்தார். இருக்க வேண்டாம் என்றேன். அம்மா பெயரில் பதிந்தது.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன், கோபிக்காதீர்கள். உங்களைப் போலச் சுவரையும் ஓட்டையும் மட்டும் தட்டிப் பார்க்கிறவர்கள் இன்னும் எத்தனை பேரோ! அச்சாரம் கொடுத்த பிறகு வில்லங்கம் பார்த்து என்ன பயன்? முன்னால் பாருங்கள். பிறகு தீர்த்துக்கொள்கிறேன் என்கிறவரிடம், தீர்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், உள்ளே இருப்பவர்களைத் தனியாகக் கேளுங்கள்.

ஆட்டுக்கல்லைப் பெயர்க்க மனமில்லாமல் கெம்பம்மா நமக்கே விட்டுப் போனாள். இந்தத் தண்ணீரில் பருப்பு நன்றாக வேகிறது அப்பா. ஜன்னல்கள் நீங்கள் எண்ணியபடி ஏழுதான்.

ஒரு சத்தியம் செய்கிறேன். இனி நம் தெருவில் யார் வீடு வாங்கப் போனாலும் நான் செம்பை எடுத்துக்கொண்டு முன்னால் போவேன். தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன், அது மாறாது. ஆனால் வாடகை எவ்வளவு என்று கேட்காமல் திரும்ப மாட்டேன்.

அம்மாவின் வீட்டிலிருந்து,
உங்கள் சொல்லை ஒரே ஒருமுறை மீறிய மகள்,
மாதம்மாள்