ஆற்று மணலில் பழகிய கால்கள்

அன்புள்ள அமுதவல்லிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். மாவட்டக் கால்பந்துக் கோப்பை நம் பெருநகர் கிராமத்துப் பெண்களுக்குத்தான்!

அவர்கள் ஆடும் திடல் முழுக்க நான் நெல் காயப்போட்டதால்தானே கோபித்துக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போனாய்? அந்தப் பெண்கள் வேறு இடமில்லாமல் செய்யாற்று மணலில் ஓடிப் பழகினார்கள். இறுதி ஆட்டத்தில் புல்தரை கிடைத்ததும் பறந்தார்கள். கோல்கீப்பர் அம்முலு பாய்ந்து பிடித்த கடைசிப் பந்துக்கு நான் போட்ட கூச்சலில் தொண்டை கட்டிவிட்டது. இதற்கும் என் நெல்தான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். உன்னை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

அம்முலு கோப்பையோடு வந்து, "இன்னா மொதலாளி, இதுலயும் நெல்லு காய வெக்கப் போறீங்களா?" என்றாள். ஊரே சிரித்தது. நானும்தான்.

மிச்சமிருந்த நெல்லை ஈரத்தோடே வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். திடல் காலி. வீடும் காலியாகத்தான் கிடக்கிறது.

உன் வீட்டுக்காரன்