கோரின் நிறுத்திய குண்டு

அன்பு மகள் கோரினுக்கு,

நெப்ராஸ்காவிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், மாடுகளும் சுகம். ஜெர்மனிக் குளிரில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றே நம்புகிறோம். ராணுவ விசாரணையில் உன்மேல் தப்பில்லை என்று முடிவானதை நீ போனில் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள், நான் போனை அவளிடம் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன், கோபமென்று நினைக்காதே, காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். தீவனக் கடை ரஸ்ஸல் மூன்று வாரமாக, உன் பொண்ணு மூணு நாட்டு அதிகாரிங்க முன்னாடி போர் ஒத்திகையைக் கெடுத்துட்டாளாமே என்று குத்திக்கொண்டே இருந்தான். நேற்று அவனுக்கு விளக்கினேன். ஆளில்லா விமானத்திடம் இருந்தது பத்து நிமிடத்துக்கு முந்தைய வரைபடம், நம் வீரர்கள் அதற்குள் குண்டு போடவிருந்த மேட்டிலேயே ஏறிவிட்டார்கள், திரையை நம்பாமல் கண்ணால் பார்த்து வயர்லெஸ்ஸில் நிறுத்தச் சொன்னவள் நீ ஒருத்திதான், ஒத்திகைதான் என்றாலும் அது நிஜக் குண்டு என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, அப்போ அந்தப் பசங்க உசிரோட இருக்கறதே அவளாலதானா என்றான்.

இனி எழுதுவதைப் பொறுமையாகப் படி. என்னோடு போருக்கு வந்த வெர்னன் மாமாவின் கால் எதிரியின் குண்டில் போனதாக உன்னிடம் சொல்லி வந்தேன். அது பொய். வளைகுடாப் போரில் வயர்லெஸ் என் கையில் இருந்தது. குண்டு போட வேண்டிய இடத்தை விமானி திருப்பிச் சொன்னபோது அது தப்பாகப் பட்டது, கேப்டனுக்குத் தெரியாததா என்று ஒரு மூச்சு நேரம் வாயை மூடிக்கொண்டேன். வெர்னன் பக்கத்தில் விழுந்தது நம் குண்டுதான். உன் போன் வந்த மறுநாள் வெர்னனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அன்னிக்கே தெரியும்டா, நீயா சொல்லட்டும்னுதான் இருந்தேன், பொண்ணு நல்லா இருக்காளா என்று கேட்டான். அன்றைக்குத்தான் நெடுநாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன்.

இனிவரும் போர்களில் விமானமும் தரைப்படையும் எப்படிச் சேர்ந்து இயங்க வேண்டும் என்று விதி எழுதும் குழுவுக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்களாமே. நான் வெறும் சார்ஜென்ட், அங்கே எனக்கென்ன வேலை என்று அம்மாவிடம் சொன்னாயாம். போ கண்ணு. தரையில் நிற்பவன் எவனானாலும் நிறுத்தச் சொன்னால் மேலே இருப்பது நிற்க வேண்டும், அந்த ஒரு வரியை உள்ளே ஏற்றிவிட்டு வா.

உன் முழங்கால் வலிக்கு மருந்து தடவு. ஆண்டவர் உன்னையும் உன் படையில் இருக்கும் பிள்ளைகளையும் காக்கட்டும். அந்தக் குழுவில் சேர்வதற்குத் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள், மறந்துவிடாதே.

உன் அப்பா,
டுவெய்ன் ஹாஸ்டெட்லர்