பச்சை விளக்கின் மேல் ஒரு பொட்டு

மரக்காணம்,
வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணி.

அன்பு மகன் தமிழரசனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, ஃபிரிட்ஜ், மிக்சி எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியம் நேற்று சாயங்காலம் நாலே முக்கால் வரை எனக்குத் தெரியும், அதற்குப் பிறகு எப்படி இருக்கிறாய்? தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் போடுகிறார் என்று கவரைப் பார்த்ததும் நீ பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. எட்டு நாளாக உன்னிடம் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். அதை போனில் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வராது, பக்கத்தில் அம்மா வேறு காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். அதனால் உப்பளத்துக் கொட்டகையில் உட்கார்ந்து, உன் அக்கா செந்தமிழின் மகன் போன லீவில் விட்டுப்போன நாலு கோடு நோட்டில் எழுதுகிறேன். என் எழுத்து படியேறி இறங்குகிற மாதிரி இருந்தால் காரணம் கோடுதான், நான் நிதானத்தில்தான் இருக்கிறேன்.

நீ டிசம்பரில் வந்து டிவி ஸ்டாண்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போன சர்வர் பெட்டி எப்படிக் கெட்டது என்று அம்மா உனக்கு ஒரு கதை சொல்லியிருப்பாள். அதில் நான் வில்லன். என் தரப்பையும் எழுதிவிடுகிறேன், தீர்ப்பை நீ சொல். செந்தமிழ் கல்யாணம், அவள் பிள்ளை காதுகுத்து, அம்மா போட்ட மார்கழிக் கோலம் இருநூற்றுப் பன்னிரண்டு என்று போட்டோ போட்டோவாக நம் குடும்பமே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதில் புது வெர்ஷன் வந்திருக்கிறது, பழசுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று ஒரு மாதமாக ஒரு மஞ்சள் பட்டை வந்துகொண்டிருந்தது. நீ என்ன சொன்னாய்? “அப்பா, எதையும் தொடாத. பதினொன்னுலேர்ந்து பன்னெண்டு, அதுக்கப்புறம்தான் பதிமூணு. தாவக் கூடாது. நானே வந்து பண்றேன்” என்றாய். முப்பது வருஷமாக நான் உப்பளத்து ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதையேதான். கழியிலிருந்து வரும் உப்புத் தண்ணீரை முதல் பாத்தியில் காயவிட்டு, அது கனத்த பிறகு அடுத்ததுக்குத் திறந்து, கடைசியில்தான் உப்பு விளையும் பாத்திக்கு விட வேண்டும், அவசரப்பட்டு நேராக விட்டால் சேறுதான் மிஞ்சும். இதை ஊருக்கெல்லாம் பாடமாக எடுத்த இந்தக் கன்னியப்பன், போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பதினொன்றிலிருந்து நேராகப் பதின்மூன்றுக்குப் போகிற பட்டனை அமுக்கினான். ஏன் என்று கேட்டால், அந்தப் பட்டன்தான் பெரிதாக, நீலமாக இருந்தது.

அறுபத்திரண்டு சதவீதம் வரை ஒழுங்காகத்தான் போனது. அப்போது மேற்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. வாரி வைத்த உப்பு வெட்டவெளியில் கிடக்கிறது, நான் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடும்போது அம்மாவிடம் பெட்டியை யாரும் தொடக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னேன். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, முதல் இடி இடித்ததும் வீட்டில் எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிடுவாள். அன்றைக்கு ஃபிரிட்ஜ், டிவி, மிக்சி, மோட்டார், கடைசியில் உன் பெட்டி. சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்கு ஒயர் இல்லாததால் அது ஒன்று தப்பியது. நான் நனைந்துபோய் வந்து கேட்டால், “நான் எங்க தொட்டேன், ப்ளக்கத்தான புடுங்குனேன். உங்க பெட்டின்னு பாத்து இடி ஒதுங்கிப் போவுமா?” என்கிறாள். கெட்டது தாவியதாலா, பிடுங்கியதாலா என்று நீ இன்னும் சொல்லவில்லை. ஊரில் கேட்பவர்களிடம் பிடுங்கியதால் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு விஜயலட்சுமி அரை டஜன் ஆரஞ்சோடு வந்து, “போட்டோல்லாம் போயிடுச்சாமேண்ணா, மனசத் தேத்திக்குங்க” என்று துக்கம் விசாரித்துவிட்டு, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவள் தங்கச்சி கல்யாண போட்டோவும் அதில் இருந்ததாம். உன்னைக் கேட்காமல் அம்மா அவளுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஜெர்மனியில் அந்த ப்ரெமனுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாய், அம்மாவோடு நாற்பது நிமிஷம் பேசுவாய், கடைசியில் போன் என் கைக்கு வரும். நான் “சாப்டியா? வேலையெல்லாம் எப்படிப் போவுது? சரி, அம்மாகிட்ட தரேன்” என்பேன். ஒருதரம் மணி பார்த்தேன், பத்தொன்பது செகண்டு. உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. போனைக் காதில் வைத்ததும் எனக்கு அந்த மூன்று வாக்கியத்தைத் தவிரத் தமிழ் மறந்துவிடும். பெட்டி கெட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நடந்ததைக் கேட்டுக்கொண்டாய், பிறகு போனை என்னிடம் தரச் சொன்னாய். “டென்ஷன் ஆவாதப்பா, டிஸ்க்ல ஒன்னும் ஆயிருக்காது, சிஸ்டம்தான் போயிருக்குது. நாளைலேர்ந்து நாலு மணிக்குக் கூப்புடுறேன், எனக்கு அப்ப லஞ்ச் டைம், நான் சொல்றத மட்டும் பண்ணு” என்றாய். திங்கட்கிழமை ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். நீ ரொட்டி மெல்லுகிற சத்தம்கூடக் கேட்டது. செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டு ஹபீப் முஹம்மது கடைக்குப் போய் பென் டிரைவில் நீ அனுப்பியதை ஏற்றி வந்தேன். அவன் மொபைல் ரிப்பேர் பார்ப்பவன்தானே, ஒன்று போனாலும் மற்றது இருக்கட்டும் என்று நீ பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் வைத்திருக்கிற கதையைக் கேட்டுவிட்டு, “ஏம்பா கன்னியப்பா, ரெண்டு டிஸ்க்லயும் ஒரே படம்தான இருக்குது? ஒன்ன எனக்குக் குடுத்துடேன்” என்றான். அன்று சாயங்காலம் நீ சொல்லச் சொல்லப் புது சிஸ்டம் போட்டு, பழைய செட்டிங்ஸ் ஃபைலையும் ஏற்றினேன். டிஸ்க்கை அது சரிபார்த்து முடிக்க ராத்திரி முழுக்க ஆகும், அப்படியே விட்டுவிடு என்றாய்.

புதன்கிழமை உப்பளத்திலிருந்து வந்து பார்த்தால் சிவப்பு போய்ப் பச்சை விளக்கு எரிகிறது. திறந்து பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, கோலம், விஜயலட்சுமி தங்கச்சி, ஒரு படம் குறையவில்லை. நாலு மணிக்கு நீ கூப்பிட்டு, “என்னப்பா, செவப்பு லைட்டு எரியுதா?” என்றாய். சந்தோஷமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பது செகண்டுதான் என்று அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. எரியுதுப்பா என்று சொல்லிவிட்டேன். அதுதான் அந்தப் பொய். அம்மா பார்த்துவிட்டால் உன்னிடம் உளறிவிடுவாள் என்று பச்சை விளக்கின்மேல் அவளுடைய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றையும் ஒட்டி வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் எரிகிற மாதிரியே இருக்கிறது.

அதற்கப்புறம் தினம் ஒரு கோளாறு யோசிக்க வேண்டியிருந்தது. வியாழக்கிழமை ஃபேனில் தவளை கத்துகிற மாதிரிச் சத்தம் என்றேன். வெள்ளிக்கிழமை நீயே, “பெட்டிக்குப் பின்னாடி எத்தன ஸ்க்ரூ இருக்குது, பொறுமையா எண்ணிச் சொல்லுப்பா” என்றாய். நான் குப்புறப் படுத்து டார்ச் அடித்து எண்ணி, பதினொன்று என்றேன். எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் நீ சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பதைச் சொன்னாய், அம்மாகிட்ட சொல்லிடாத என்றாய். சனிக்கிழமை, “என் வயசுல நீ என்னப்பா பண்ணிட்டு இருந்த?” என்று கேட்டாய். உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன் என்றேன். மூன்றரை வயதில் நீ என் கையை விட்டுவிட்டுப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறிப் போய், கண்டக்டர் கீழ்புத்துப்பட்டில் இறக்கிவிட, கோயில் வாசலில் யாரோ கொடுத்த புளிசாதத்தைத் தின்றுகொண்டிருந்தாய். அம்மாவுக்கு இன்று வரை தெரியாது, தெரிந்தால் இருபத்தேழு வருஷ பாக்கிக்கும் சேர்த்துத் திட்டுவாள். நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. மணிக்கட்டு என்னிடம், புளிசாதம் உன்னிடம். இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் இருப்போம்.

இப்படி எட்டு நாள் உன் சாப்பாட்டு நேரத்தைத் தின்றுவிட்டேன். கட்டுப் போட்ட கையோடு ஒரு பிள்ளை உட்கார்ந்து அப்பனின் பெட்டிக்கு வைத்தியம் பார்க்கிறான், அப்பன் பொட்டை ஒட்டி வைத்துக்கொண்டு நடிக்கிறான். தெரிந்தால் நீ கோபித்துக்கொள்வாய், பேச்சும் நின்றுவிடும். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். ஒப்புக்கொள்வதென்று ஆன பிறகு சரியாக ஒப்புக்கொள்ள வேண்டும், உனக்கு எதிலும் துல்லியம் வேண்டும். பெட்டி எத்தனை மணிக்குச் சரியானது என்று அதிலேயே பதிவாகியிருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பார்த்துவிட்டு வந்துவிட்டேன். வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அம்மா தூங்குவதைப் பார்த்துக்கொண்டு, உன் பழைய லேப்டாப்பில் அந்தப் பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். பெட்டி சரியானது புதன்கிழமை விடியற்காலை ஐந்து பத்துக்கு. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. புதன்கிழமை மதியம் மூன்று ஐம்பத்திரண்டு, உள்ளே வந்தவர் தமிழரசன். வியாழன், மூன்று ஐம்பத்தைந்து, தமிழரசன். வெள்ளி, தமிழரசன். சனி, ஞாயிறு, நேற்று வரை எட்டு நாளும் தமிழரசன். ப்ரெமனிலிருந்தே நீ உள்ளே வந்து பார்க்க வழி உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் ஏற்றிய செட்டிங்ஸ் ஃபைலில் அந்தக் கதவும் இருந்திருக்கிறது. தினமும் உள்ளே வந்து எல்லாம் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஐந்து பத்து நிமிஷத்தில் எனக்கு போன் போட்டு, செவப்பு லைட்டு எரியுதாப்பா என்று கேட்டிருக்கிறாய். அப்படியென்றால் அந்த ஸ்க்ரூ எதற்கடா?

போகட்டும். மேற்கொண்டு எழுதினால் கோடு தாண்டிவிடும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பதினைந்து இருபது நாள் ஆகும் என்று தபால் ஆபீஸில் சொல்கிறார்கள், அதுவரை பெட்டி ரிப்பேர்தான். அதற்கப்புறமும் கடிதம் கிடைத்தது என்று போனில் சொல்லிவிடாதே. ஸ்க்ரூவை மறுபடி எண்ணச் சொல், நான் புரிந்துகொள்கிறேன். கையை நனைக்காமல் பார்த்துக்கொள், கட்டுப் பிரிக்கும்வரை சைக்கிளைத் தொடாதே, நான் சொன்னால் நீ தொடுவாய் என்பதும் எனக்குத் தெரியும். உடம்பும் மனசும் நன்றாக இருந்து நீ நூறு வருஷம் வாழ வேண்டும். மணி மூன்று இருபது ஆகிறது, நான் வீட்டுக்குப் போய்ப் பொட்டைச் சரிபார்க்க வேண்டும், பெட்டிச் சூட்டில் கொஞ்சம் உரிந்து நிற்கிறது.

ஆசிகளுடன்,
உன் அப்பா
கன்னியப்பன்

மறந்துவிட்டேன்: ஸ்க்ரூ பதினொன்று இல்லை, பன்னிரண்டு. இன்று எண்ணினேன்.