பம்பாய்க்குப் போகிற பை

தியாகராய நகர்,
சென்னை-17.
14-9-97, ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணான பேத்தி லாவண்யாவுக்கு, ஆச்சி முத்துக்கனி ஆசையோடு எழுதுவது.

முதலில் நல்ல சேதியெல்லாம் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி அஸ்வத் தரமணி பாலிடெக்னிக்கில் வகுப்பிலேயே முதல் ஆளாக வந்திருக்கிறான். அவனே செய்த ரேடியோ நம் சமையலறையில் பாடுகிறது. ஸ்டேஷன் மாற்றினால் மட்டும் கோபித்துக்கொள்கிறது. உன் அத்தை மகள் ஜெயபாரதி பல் டாக்டராகிவிட்டாள். வந்த வேகத்தில் என் கடைவாய்ப் பல்லைத்தான் பிடுங்கினாள், எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. நீ பம்பாயில் பாலம் கட்டுகிறாய். வடபழனி கோயிலில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் இதையெல்லாம் சொல்லாமல் நான் எழுந்திருப்பதில்லை. பெண்பிள்ளை பாலம் கட்டுகிறதா என்று வாயைப் பிளக்கிறார்கள். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கும் அவர்களோடு சேர்ந்து ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. ரயிலில் ஏறும்போது பை கிழிந்து, பாலத்தின் படங்களெல்லாம் மழையில் நனைந்ததாக எழுதியிருந்தாய். உன் அப்பா சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து அதைச் சத்தமாகப் படித்தேன். வேண்டுமென்றேதான் படித்தேன். நீ போன நாளிலிருந்து அவன் உன் பெயரை வாயால் சொன்னதில்லை, உனக்கே தெரியும். அன்றைக்கும் தன்பாட்டுக்கு மோரை ஊற்றிச் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டான். மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பியவன், செருப்பை மாட்டிக்கொண்டே, "யம்மா, பட்டை அறுந்துச்சா, தையல் விட்டுச்சா?" என்று கேட்டான். தையல்தானாம்ப்பா என்றேன். "ம்" என்று போய்விட்டான்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பாத்திரக் கடைக்காரன், பையைப் பற்றி என்ன கண்டான் என்று நினைப்பாய். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களின் தோளையே பார்க்கிறான். மருந்து கம்பெனிக்காரர் ஒருவர் நம் கடைக்குக் குக்கர் வாங்க வந்திருக்கிறார். அவர் பையிலிருந்த மருந்தையெல்லாம் கல்லாப்பெட்டி மேல் கொட்டச் சொல்லி, பையை உள்பக்கம் வெளியே திருப்பிப் பார்த்திருக்கிறான். "அண்ணாச்சி, நான் குக்கர் வாங்க வந்தேன்" என்று அவர் அழாத குறையாகச் சொன்னாராம். "குக்கர் எங்கயும் ஓடாது, இந்த ஜிப்பு எந்த ஊரு?" என்று கேட்டானாம் இவன். இதை உன் தம்பி நடித்துக் காட்டிச் சிரித்தான்.

போன வாரம் என்னையும் பாண்டி பஜாருக்குக் கூட்டிப்போனான். பையா அது! ஒரு அறைக்குள் இன்னொரு அறை, அதற்குள் சாவி மாட்ட ஒரு கொக்கி. பேனாவுக்குத் தனி வீடு, குடைக்குத் தனி வீடு. துணியோ பாராசூட் துணியாம், பட்டு மாதிரி வழுக்குகிறது, பாறை மாதிரி நிற்கிறது. ஜிப்பை இழுத்தால் மீன் நீந்துகிற மாதிரி போகிறது. இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்த ஆள் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று நான் வாயடைத்து நின்றேன். அழகாக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தால், உன் அப்பா நம் பாத்திரத்தைப் பார்ப்பது போலவே அதைக் கவிழ்த்து, அடியில் சுண்டிப் பார்த்து, கீழே வைத்துவிடுகிறான்.

கடைசியில் காதர் பாய் கடையில் ஒரு பை பிடித்திருந்தது. அதற்கும் சோதனை. நம் கடையிலிருந்து எடைக்கல் கொண்டுபோய் உள்ளே போட்டு, அவர் கடை ஆணியிலேயே நாள் முழுக்கத் தொங்கவிட்டான். மறுநாள் ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினான். உள்ளே வைத்த பேப்பர் ஓரத்தில் ஈரம் தெரிந்ததும், வேறு காட்டச் சொன்னான். காதர் பாய் நல்ல மனிதர், ஆனாலும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? "இன்னா அண்ணாச்சி, தெனம் வர்றீங்கோ, தட்டிப் பாக்கறீங்கோ, கவுத்துப் பாக்கறீங்கோ, குளிப்பாட்டி வேற பாக்கறீங்கோ. பை வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

சிவகாசி மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்த வாரம் நீ வேலைக்கு ரயில் ஏறினாயே, அன்றிலிருந்து பெண் பார்க்கிற பேச்சே நம் வீட்டில் கிடையாது. இவன் பையை வீசிவிட்டு வெளியே போய்விடுவான் என்றே நினைத்தேன். இவனோ ஜிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "எம் பொண்ணுக்குத்தான் பாக்கேன் பாய். பம்பாய்ல இன்ஜினியரு. மழையில நிக்கிற வேலை அதுக்கு" என்றான்.

காதர் பாய் உடனே பரணிலிருந்து வேறு ஒரு பையை இறக்கினார். அதுதான் உனக்கு வருகிறது. தண்ணீர் உள்ளே இறங்கவில்லை, தையல் அசையவில்லை. நீளமாகச் சுருட்டிய படங்கள் வைக்க ஓரத்தில் குழாய் மாதிரி ஓர் உறை இருக்கிறது.

பை முடிந்ததென்று பார்த்தால், பைக்குள் வைக்கச் சாமான் வேண்டுமாம். ரிச்சி தெருவுக்கு அஸ்வத்தையும் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அந்தத் தெருவைப் பற்றி எழுத எனக்கு எழுத்துப் போதாது. வெற்றிலை டப்பா அளவு ஒரு கருவி, ஊர்ப்பட்ட பேரின் விலாசத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. மடித்தால் கைக்குள் அடங்குகிற அலாரம். விரல் நீளத்தில் ஒரு ஸ்டீல் டார்ச், வெளிச்சமோ தெருக்கோடி வரை போகிறது. இவையெல்லாம் உனக்குத்தான்.

அங்கே பேஜர் என்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உன் அப்பா வெகுநேரம் நின்றான். இங்கிருந்து ஒரு சேதி சொன்னால் பம்பாயில் இருக்கிற பைக்குள் சத்தம் கேட்குமா என்று கடைக்காரரிடம் கேட்டான். இது இந்த ஊருக்குள்தான் கேட்கும், அந்த ஊருக்கு அங்கேதான் வாங்க வேண்டும் என்றார் அவர். மெதுவாகத் திருப்பி வைத்தான்.

நேற்று மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மெஷினைப் பிடித்துக்கொண்டு உன் அப்பாவே உட்கார்ந்திருந்தான். அதற்கென்று ஆள் இருக்கும்போது இவன் ஏன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருக்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். அந்தக் குட்டி டார்ச்சில் உன் பெயர். "அ. லாவண்யா" என்று வெட்டியிருந்தான்.

இனிமேல் உன் பெயருக்கு முன்னால் என் எழுத்தைப் போட்டுக்கொள்ளாதே என்று நீ கிளம்பும்போது கத்தியவன் இவன்தான். நீயும் ரோஷக்காரி, அன்றிலிருந்து உன் கடிதங்களில் வெறும் லாவண்யா என்றுதான் இருக்கிறது. அய்யாதுரையின் அந்த 'அ' மற்ற எழுத்துகளைவிட ஆழமாக விழுந்திருக்கிறது, பார்த்தால் உனக்கே தெரியும். நான் பார்த்ததை அவன் பார்க்கவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு, மெதுவாகப் படி இறங்கி வந்துவிட்டேன். என் வயிற்றில் பிறந்த பிள்ளையை எனக்கே முழுசாகத் தெரியாது போல.

நாளைக்குப் பார்சல் கிளம்புகிறது. வெறும் பையாக அனுப்பக் கூடாது என்று உன் அம்மா முறுக்கும் கருப்பட்டி மிட்டாயும் திணித்திருக்கிறாள். மிட்டாயை முதலில் எடுத்துவிடு, ஒட்டிக்கொள்ளும்.

மழையில் தலையை நனைய விடாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ கட்டுகிற பாலமும் நீயும் நூறு வருஷம் நன்றாக இருக்க வடிவேல் முருகன் துணை.

உன் ஆச்சி,
முத்துக்கனி

எழுதி முடித்தபின் உன் அப்பா வந்து, தோளில் பட்டை சரியாக உட்காருகிறதா என்று தெரிந்தால் நல்லது என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறான். பையை மாட்டிக்கொண்டு ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு, கண்ணு. பட்டை கொஞ்சம் மறைந்தாலும் பரவாயில்லை, முகம் நன்றாகத் தெரியட்டும். கவரில் என் பெயரை எழுதாதே. உன் அப்பா பெயருக்கே அனுப்பு.